ஜாமும் சவர் கிரீமும் வைத்த அடுக்குக் கேக்: டர்பன் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தக் கேக்கில் கடினமான வேலை என்று எதுவும் இல்லை. ஆனாலும் முதல் முறை செய்பவர்களில் பாதிப் பேருக்கு இது சரிந்துவிடுகிறது, அல்லது தட்டில் தண்ணீர் விட்டுவிடுகிறது. காரணம் பெரும்பாலும் வேலைகளின் வரிசைதான். மாவைக் கலந்துவிட்டு அப்புறம் ஓவனைப் போடுவார்கள். கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கிரீமைப் பூசுவார்கள். சவர் கிரீமை, அதாவது புளிக்க வைத்த கெட்டிக் கிரீமை, டப்பாவிலிருந்து நேரே எடுத்துச் சர்க்கரை போட்டு அடிப்பார்கள். இந்த மூன்றையும் தவிர்த்தாலே கேக் நிற்கும்.

கீழே உள்ள அளவு 20 செ.மீ. வட்ட டின் இரண்டுக்கு. இரண்டு கேக்கையும் குறுக்கே வெட்டினால் நான்கு அடுக்கு கிடைக்கும். பன்னிரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

1. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் மாலை கேக்கைச் சுடுங்கள், சவர் கிரீமைத் துணியில் கட்டி வடிய விடுங்கள். மறுநாள் காலை அடுக்குங்கள். அடுக்கிய பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டும். சனிக்கிழமை இரவு விருந்து என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஓவனைப் போடவேண்டும்.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாகச் சுட்ட கேக்கை வெட்டினால் உதிரும். ஒரு இரவு இருந்த கேக் இறுகி, கத்திக்கு ஒழுங்காக வளைந்து கொடுக்கும்.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு விஷயமும் பார்க்கவேண்டும்: மின்சாரம். சுடுவதற்கும் முன்சூட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் வேண்டும். உங்கள் பகுதிக்கு லோட் ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) அட்டவணை இருக்கிறதா, பராமரிப்புக்காக நிறுத்தப்போகிறார்களா என்று பார்த்துவிட்டு வெண்ணெயை வெளியே எடுங்கள். எரிவாயு ஓவன் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் கிரீம் அடிக்கும் பீட்டருக்கு மின்சாரம் வேண்டுமே.

2. கடையில் என்ன வாங்குவது

கேக்குக்கு:

- கேக் மாவு 250 கிராம்
- பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் (7.5 மி.லி.)
- பைகார்ப், அதாவது சமையல் சோடா, அரை டீஸ்பூன் (2.5 மி.லி.)
- உப்பு கால் டீஸ்பூன்
- வெண்ணெய் 150 கிராம்
- காஸ்டர் சர்க்கரை 200 கிராம்
- பெரிய முட்டை 3
- சவர் கிரீம் 200 கிராம்
- வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன்

நடுவில் வைக்க:

- சவர் கிரீம் 300 கிராம்
- அடிக்கும் ஃப்ரெஷ் கிரீம் 250 மி.லி.
- ஐசிங் சர்க்கரை 60 கிராம்
- ஜாம் 300 கிராம்

சவர் கிரீம் 250 மி.லி. டப்பாவாக இரண்டு வாங்கினால் இரண்டு பகுதிக்கும் சரியாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் மாவு அடுக்குக்கு முன்னால் குழம்பி நிற்பார்கள். இங்கே கேக் மாவு என்பது சாதாரண வெள்ளைக் கோதுமை மாவுதான், நம் மைதாவின் இடத்தில் அதையே பயன்படுத்தலாம். அதில் பொங்க வைக்கும் பொருள் எதுவும் இல்லை. செல்ஃப் ரைசிங் மாவில் பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கும். அதை எடுத்து, மேலே சொன்ன பேக்கிங் பவுடரையும் போட்டால் கேக் வேகமாக எழும்பி நடுவில் குழிந்துவிடும். பிரட் மாவு வேண்டாம். அதில் புரதம் அதிகம், கேக் ரப்பர் மாதிரி இழுக்கும்.

வெண்ணெய்க்குப் பதில் பேக்கிங்குக்கான கட்டி மார்ஜரின் போடலாம். ரொட்டியில் தடவும் டப்பா மார்ஜரின் கூடாது. பலவற்றில் கொழுப்பு குறைவு, தண்ணீர் அதிகம். சர்க்கரையோடு அடித்தால் காற்றைப் பிடித்து வைக்காது. உப்பு சேர்த்த வெண்ணெய் வாங்கினால் தனியாக உப்பு போடவேண்டாம்.

சவர் கிரீமில் கொழுப்பு குறைத்த வகையை எடுக்காதீர்கள். மாவில் போட்டால் சமாளித்துக்கொள்ளும், அடுக்கின் நடுவில் நிற்கவே நிற்காது. சைவம் சாப்பிடுபவர்கள் டப்பாவின் பின்னால் உள்ள எழுத்தைப் படியுங்கள்: சில பால் பொருள்களில் கெட்டியாக்குவதற்கு ஜெலட்டின் சேர்க்கிறார்கள். மாவுக்கு மட்டும் என்றால் சவர் கிரீமின் இடத்தில் அமாசி, அதாவது இந்நாட்டுப் புளித்த பால், போடலாம், வீட்டில் எப்போதும் இருக்குமே. அது கொஞ்சம் நீர்த்தது, அதனால் 180 கிராம் போதும். நடுவில் வைக்க அமாசி ஒத்துவராது.

புரட்டாசியில் முட்டை இல்லாமல் இதே கேக்கைச் செய்யலாமா என்று கேட்பார்கள். இதிலிருந்து முட்டையை எடுத்துவிட்டால் கேக் தட்டையாகிவிடும். கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்யும் முட்டையில்லாத கேக் தனி வகை; அதைச் சுட்டுக்கொண்டு, அடுக்கும் முறையை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஓவனும் டின்னும் முதலில்

ஒரு முட்டையைக்கூட உடைப்பதற்கு முன் ஓவனை 180 டிகிரியில் போடுங்கள். விசிறி உள்ள தெர்மோஃபேன் ஓவன் என்றால் 160. பைகார்ப் ஈரமும் புளிப்பும் பட்ட உடனே வேலையைத் தொடங்கிவிடும். மாவு ஓவனுக்காகக் காத்திருந்தால் அந்தக் காற்றுக் குமிழ்கள் கிண்ணத்திலேயே போய்விடும்.

டின்னின் அடியில் பேக்கிங் பேப்பரை வட்டமாக வெட்டிப் போடுங்கள். ஓரங்களில் வெண்ணெய் தடவி மாவு தூவித் தட்டிவிடுங்கள். அடியில் பேப்பர் இல்லாமல், 'வெண்ணெய் தடவினேனே' என்று நம்பிக் கவிழ்த்தவர்களின் கேக் பாதி டின்னிலேயே நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மேலே இரண்டு ஹாட்பிளேட் வைத்த சின்ன மேசை ஓவன் இங்கே பல வீடுகளில் உண்டு. அதில் ஒரு டின்தான் போகும். அப்படியானால் மாவை இரண்டு டின்னிலும் ஊற்றிவிட்டு, இரண்டாவதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அது முதல் கேக் அளவுக்கு எழும்பாது. பரவாயில்லை, அடியில் வரும் அடுக்குகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

4. மாவு கலக்குதல்

மாவு, பேக்கிங் பவுடர், பைகார்ப், உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலித்து வையுங்கள். பைகார்ப் ஒரு இடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அந்தத் துண்டில் சோப்புக் கசப்பு தெரியும். பைகார்ப்பைச் சவர் கிரீமில் நேரே கலக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நுரைத்து வருவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நுரை கேக்குக்குள் வரவேண்டியது.

வெண்ணெய், முட்டை, சவர் கிரீம் மூன்றும் அறை வெப்பத்தில் இருக்கவேண்டும். விரலால் அழுத்தினால் வெண்ணெயில் குழி விழவேண்டும், விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக்கூடாது. டர்பனில் டிசம்பர், ஜனவரியில் அறை வெப்பம் என்பதே வேறு. அரை மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய் உருகும் நிலைக்குப் போய்விடும், உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. கோடையில் பதினைந்து நிமிடம் கழித்தே ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் ஐந்து நிமிடம் அடியுங்கள். இரண்டு நிமிடத்தில் கலந்துவிட்ட மாதிரி தெரியும். அங்கே நிறுத்துபவர்களின் கேக்தான் கனமாக வருகிறது. மஞ்சள் நிறம் வெளிறி, கிண்ணத்தின் ஓரத்தில் பஞ்சு போல ஒட்டவேண்டும். நடுவில் ஒரு முறை ஓரங்களை வழித்து விடுங்கள்.

முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி, ஒன்று முழுதும் கலந்த பிறகு அடுத்தது. கலவை திரிந்த பால் மாதிரி தோன்றினால் முட்டை குளிர்ச்சியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். பதறவேண்டாம், சலித்த மாவில் ஒரு மேசைக்கரண்டி போட்டு அடியுங்கள், கூடிவரும். வெனிலாவை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இனி பீட்டரை ஓரமாக வையுங்கள். மாவை மூன்று பங்காகவும் சவர் கிரீமை இரண்டு பங்காகவும் மாற்றி மாற்றிச் சேர்க்கவேண்டும்: மாவு, கிரீம், மாவு, கிரீம், மாவு. முதலில் போகும் மாவு வெண்ணெயில் புரண்டு ஒரு பூச்சு பெறுகிறது, அதனால் அப்புறம் ஈரம் பட்டாலும் இழுவை கூடாது. சவர் கிரீம் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினால் கலவை பிரிந்துவிடும். அகலமான ஸ்பேச்சுலாவால் அடியிலிருந்து மேலே எடுத்து மடியுங்கள். வெள்ளை மாவுக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள்.

மாவு கரண்டியிலிருந்து ஊற்றி ஓடாது, தொப்பென்று விழும். சரியான பதம் அதுதான். 'கெட்டியாக இருக்கிறதே' என்று பால் ஊற்றாதீர்கள்.

5. சுடுதல்

டின்னைத் தராசில் வைத்து மாவைச் சமமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றிலும் 460 கிராம் போல வரும். கண்ணளவில் ஊற்றினால் ஒன்று தடியாகவும் ஒன்று மெலிதாகவும் வந்து, வெட்டும்போது தொல்லை. மேற்பரப்பைச் சமப்படுத்தி, நடுவில் லேசாகக் குழித்து விடுங்கள். நடு கடைசியாக எழும்புவதால் மேடு குறையும்.

நடுத்தட்டில் 28 முதல் 32 நிமிடம். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. உள்ளே மாவு இன்னும் இறுகாத நேரத்தில் குளிர்காற்று பட்டால் எழும்பியது இறங்கிவிடும், மறுபடி ஏறாது. குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது. இரண்டொரு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. ஓரம் டின்னிலிருந்து மயிரிழை விலகியிருக்கும்.

சுடும் நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். இருபது நிமிடம் தாண்டியிருந்தால் ஓவனில் தங்கியிருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும். பத்து நிமிடத்தில் போயிருந்தால் கேக்கைக் காப்பாற்ற வழியில்லை. அதைத் துண்டாக்கிக் கஸ்டர்டு ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் இந்த அளவை அப்படியே எடுக்கக்கூடாது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் குமிழ்கள் பெரிதாக விரிந்து, கேக் வேகுமுன்னே உடைகின்றன. பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறையுங்கள், சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள், ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் ஒரு மேசைக்கரண்டி பால் சேருங்கள், ஓவனை 10 டிகிரி கூட்டுங்கள். டர்பனில் கேக் அழகாக வந்த அக்கா அதே சீட்டைக் கௌட்டெங்கில் இருக்கும் தங்கைக்கு அனுப்பி, அங்கே குழி விழுந்து, கடைசியில் இரண்டு பேரும் ஓவனைத் திட்டுவது இந்த உயர வித்தியாசத்தால்தான்.

6. ஆறவைத்து வெட்டுதல்

டின்னிலேயே பத்து நிமிடம், அப்புறம் கம்பித் தட்டில் கவிழ்த்து முழுவதும் ஆறவிடுங்கள். அதற்கும் மேல் டின்னில் விட்டால் அடியில் வியர்த்து ஈரமாகும். சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் மாதிரி குரங்கு நடமாடும் இடங்களில் கேக்கை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கம்பி இல்லாத ஜன்னலைச் சாத்திவிட்டே ஆறவையுங்கள். சமையலறைக்குள் நுழைந்து எடுத்துக்கொண்டு போகும் துணிச்சல் அவற்றுக்கு உண்டு.

நன்றாக ஆறியதும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடு இருக்கும்போது சுற்றினால் நீர் கோத்து மேல்தோல் பிசுபிசுக்கும்.

காலையில் மேட்டைச் சீவி எடுங்கள். குறுக்கே வெட்ட, பல் வைத்த ரொட்டிக் கத்திதான் வேண்டும். உயரத்தின் பாதியில் சுற்றிலும் ஆறேழு பல்குச்சி குத்தி, அவற்றின் மேல் கத்தி படுமாறு முதலில் ஓரத்தை மட்டும் ஒரு விரற்கடை ஆழம் கீறிக்கொண்டே கேக்கைச் சுழற்றுங்கள். ஒரு சுற்று முடிந்த பிறகே உள்ளே அறுக்கவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து நேரே மறுபக்கம் போனால் கத்தி கீழே இறங்கிவிடும்.

7. ஜாம்

இந்நாட்டு வீடுகளில் ஏப்ரிகாட் ஜாம் இல்லாத அலமாரி அரிது. அதையே எடுங்கள், அந்தப் புளிப்பு சவர் கிரீமோடு நன்றாகச் சேரும். ஸ்ட்ராபெர்ரி, யங்பெர்ரியும் நல்லவை. அத்தி ஜாம் என் வாய்க்குத் திகட்டுகிறது.

சின்னச் சட்டியில் இளஞ்சூட்டில் வைத்து இளக்கி, பெரிய பழத்துண்டு இருந்தால் மசியுங்கள். மலிவான ஜாம் நீர்த்திருக்கும். மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விடவேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் நடுவே கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் போதும். அப்புறம் முழுவதும் ஆறட்டும். வெதுவெதுப்பான ஜாம் மேல் கிரீமை வைத்தால் கிரீம் உருகி வழியும், அடுக்கும் வழுக்கும்.

8. சவர் கிரீமை நிற்க வைத்தல்

இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். முதல் நாள் இரவே வடிகட்டியில் மல் துணியை இரட்டையாக விரித்து, 300 கிராம் சவர் கிரீமைப் போட்டு மூட்டையாகக் கட்டி, கீழே ஒரு கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் விடுங்கள். காலையில் கிண்ணத்தில் மங்கலான மஞ்சள் தண்ணீர் சில மேசைக்கரண்டி நிற்கும். வடிக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர்தான் நாளைக்குக் கேக்கின் அடியில் வந்து நிற்கும். துணியில் இருப்பது ஸ்ரீகண்ட் பதத்தில், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் இருக்கும்.

சவர் கிரீமில் நேரே சர்க்கரை கலந்தால் சில நிமிடத்தில் அது இளகுவதைக் காணலாம். சர்க்கரை ஈரத்தை இழுத்துக் கரைவதுதான் காரணம். ஆகவே சர்க்கரை ஃப்ரெஷ் கிரீமுக்குள் போகட்டும். கிரீம், கிண்ணம், பீட்டரின் கம்பிகள் மூன்றும் ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கவேண்டும். முதலில் கிரீமை மட்டும் நடுத்தர வேகத்தில் அடித்து, பீட்டரின் தடம் தெரியத் தொடங்கும்போது சலித்த ஐசிங் சர்க்கரையைப் போடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் ஐசிங் சர்க்கரை கட்டி பிடிக்கும். சலிக்காவிட்டால் வாயில் நறநறக்கும். கம்பியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கும் வரை அடியுங்கள், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். சொரசொரப்பாகத் தெரிந்தால் வெண்ணெய் திரளத் தொடங்கிவிட்டது.

வடிந்த சவர் கிரீமை இரண்டு தடவையாகப் போட்டு ஸ்பேச்சுலாவால் மெல்ல மடித்துச் சேருங்கள். பீட்டரால் அடித்தால் மறுபடி இளகும்.

9. அடுக்குதல்

கோடையில் இந்த வேலையைக் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மதியம் சமையலறைச் சூட்டில் கிரீம் உங்களுக்காகக் காத்திருக்காது.

தட்டில் ஒரு கரண்டி கிரீமைத் தடவி முதல் அடுக்கை அதன் மேல் வையுங்கள், நகராமல் பிடித்துக்கொள்ளும். வெட்டிய முகம் மேலே இருக்கட்டும். ஜாமில் மூன்றில் ஒரு பங்கைப் பரப்புங்கள், ஓரத்தில் ஒரு செ.மீ. விட்டு. மேலே வரும் கனம் அதைத் தானாக ஓரத்துக்குத் தள்ளும். முதலில் ஜாம், அதன் மேல் கிரீம். ஜாம் கேக்கின் துளைகளில் கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வரிசையை மாற்றிக் கிரீம் மேல் ஜாமைப் பூசினால் இரண்டும் கலந்து கோடு கோடாகிவிடும், மேல் அடுக்கும் வழுக்கும்.

கிரீம் ஒரு அடுக்குக்கு நான்கு மேசைக்கரண்டி போதும். நிறைய வைத்தால் நிறைய ருசி என்று நினைத்துப் போடுபவர்களுக்குத்தான் கேக் சாய்கிறது. இப்படியே மூன்று முறை. நான்காவது அடுக்கை வெட்டிய முகம் கீழே வருமாறு கவிழ்த்து வையுங்கள், மேலே வழவழப்பான பரப்பு கிடைக்கும். உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டு, குனிந்து கண்மட்டத்தில் பாருங்கள். சாய்வு இருந்தால் இப்போதே தள்ளிச் சரிசெய்யலாம், ஃப்ரிட்ஜுக்குப் போன பிறகு முடியாது. மீதிக் கிரீம் மேலே. பக்கங்களைப் பூசாமல் அடுக்குகள் தெரிய விடுவதே எனக்குப் பிடிக்கும், கிரீமும் மிச்சம்.

மூடி ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் கிரீமின் ஈரம் கொஞ்சம் கேக்குக்குள் இறங்கும்.

10. கேக் கெட்டால் எங்கே பார்ப்பது

நடுவில் குழி: கதவைச் சீக்கிரம் திறந்தது, அல்லது செல்ஃப் ரைசிங் மாவு. பைகார்ப்பை அளவு மீறிப் போட்டாலும் இப்படித்தான் ஆகும்.

மேலே வெடித்துக் கூம்பாக எழும்பினால் ஓவன் சூடு அதிகம். பழைய ஓவன்களின் திருகு குமிழில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம், ஒரு சின்ன வெப்பமானி வாங்கி உள்ளே தொங்கவிடுங்கள்.

கேக் வறட்சியாக இருந்தால் மாவைக் கப்பில் அமுக்கி அளந்திருப்பீர்கள். இங்கே கப் 250 மி.லி.; அமுக்கி நிரப்பினால் ஒரு கப்புக்கே 20, 30 கிராம் கூடிவிடும். தராசு வாங்க மனமில்லாவிட்டால், மாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டுக் கத்தியால் வழித்து அளந்துகொள்ளுங்கள்.

11. வெட்டுவதும் வைப்பதும்

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி துடைத்து வெட்டினால் அடுக்குகள் சுத்தமாகத் தெரியும். வெட்டுவதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுங்கள். குளிரில் வெண்ணெய் இறுகி, கேக் கட்டையாகத் தெரியும். மற்றபடி பால் பொருள் இது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. 32 டிகிரி தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கோயில் மண்டபத்துக்கோ கல்யாண வீட்டுக்கோ கொண்டுபோகிறீர்கள் என்றால் ஐஸ் பேக் போட்ட கூலர் பாக்ஸில், தட்டையான அடியில் வைத்து எடுத்துப் போங்கள். காரின் இருக்கை சரிவானது, அங்கே வேண்டாம். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும்.

தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புபவர்கள் இந்தக் கேக்கைத் தட்டில் சேர்க்காதீர்கள், முறுக்கோடும் பர்ஃபியோடும் வெளியில் கிடந்தால் கெட்டுவிடும். கிரீம் இல்லாமல் ஜாம் மட்டும் வைத்து இரண்டு அடுக்காகச் செய்து, சதுரமாக வெட்டி அனுப்பலாம். சுட்ட கேக்கை மட்டும் நன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வரை வைக்கலாம். முன்தினம் இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, சுற்றியிருப்பதைப் பிரிக்காமலே பனி விட விடுங்கள். கிரீம் வைத்து அடுக்கியதை ஃப்ரீசரில் வைத்தால் சவர் கிரீம் திரிதிரியாகப் பிரிந்துவிடும்.